வெட்டுக்கிளி விஷயமாகச் சம்பந்திக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரும் உடல்நலத்தோடும் மனநிம்மதியோடும் இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். உடல்நலம் நீடிக்கட்டும். மனநிம்மதிக்கு இந்தக் கடிதத்தின் ஆறாவது பக்கம் வரைக்கும்தான் என்னால் உத்தரவாதம் தர முடியும். இங்கு யாவரும் நலம் என்று எழுதுவதே முறை. ஆனால் முப்பத்தொரு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்து, படிக்கல்லில் மயிரிழை தேய்ந்திருந்தாலும் முத்திரை போட மறுத்தவன் நான். ஆகவே உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். என் மனைவி நலம். என் வலது முழங்கால், இடது கைப் பெருவிரல், எதிர்வீட்டுக்காரரோடு பத்தொன்பது வருடமாக இருந்துவந்த சுமுகம் ஆகிய மூன்றும் நலமில்லை. மூன்றுக்கும் காரணம் தங்கள் திருமகன்.

பதினேழு நாட்களாகத் தங்களுக்குத் தெரியாமல் என் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. சாதாரண மோட்டார் சைக்கிள் என்றால்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது காடு மேடு, கல்லு கரடு எல்லாவற்றிலும் ஏறி இறங்குவதற்கென்றே செய்த வண்டி. சம்பந்தம் பேசிய அன்று தாங்கள் சொன்ன முதல் வார்த்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருபத்தொன்பது வருடம் விபத்துக் கோப்புகளையே படித்தவர் என்ற முறையில், தங்கள் வீட்டு வாசலில் இரண்டு சக்கரத்தில் எதுவும் நிற்கக் கூடாது என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் மேற்கொண்டு எதையும் விசாரிக்காமல் என் பெண்ணைக் கொடுத்தேன். அந்த வாசலில் நிற்கக் கூடாதது இப்போது இந்த வாசலில் நிற்கிறது என்பதை மனவருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். இன்றைக்குப் பதினேழு நாளுக்கு முன், காலையில் ஒரு மினி லாரி வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து மாப்பிள்ளை இறங்கினார். புத்தக அலமாரி ஒன்று தருவதாகப் போன மாதம் சொல்லியிருந்ததால் நான் அளவு நாடாவோடு ஓடினேன். இரண்டு பேர் பலகை போட்டு இறக்கியது அலமாரி அல்ல. ஒல்லி உடம்பு, நீட்டுக் கால், மூக்குக்கு மேல் ஓர் அடி தள்ளி நிற்கும் மட்கார்டு, இருக்கை என் இடுப்புக்கு மேலே. என் மனைவி ஒரு தடவை சுற்றிவந்து பார்த்துவிட்டு, வெட்டுக்கிளி மாதிரி இருக்கிறது என்றாள். அன்றிலிருந்து அதன் பெயர் அதுதான். மாப்பிள்ளை என்னை ஓரமாக அழைத்துப் போய், புது வண்டிக்கு முதல் ஐந்நூறு கிலோமீட்டர் குழந்தைக்குச் சோறூட்டுவது போல, பக்குவமாக ஓட்டிப் பழக்க வேண்டும், அலுவலக வேலையாகத் தாம் மூன்று வாரம் வெளியூர் போகிறார், ஆகவே நான் செய்து தர வேண்டும் என்று விளக்கினார். பணியில் இருந்தபோது இருபத்தாறு வருடம் ஒரு சின்ன வண்டியில் கடை கடையாக ஏறி இறங்கியவன் நான் என்பதை ஞாபகப்படுத்தினார். கடைசியாக ஒன்று சொன்னார்.

"அப்பாகிட்ட மட்டும் இதைப் பத்திப் பேச வேண்டாம் மாமா."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து என் மனைவி, மாப்பிள்ளை வாய்விட்டு ஒன்று கேட்கிறார், செய்துகொடுங்கள் என்றாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. மினி லாரி கிளம்பிவிட்டது.

வண்டியோடு ஒரு கையேடு வந்தது. இருநூற்றுப் பதினான்கு பக்கம். வண்டி வாங்கிய கடையின் மெக்கானிக்கைப் போனில் அழைத்துக் கேட்டதற்கு, முதல் பத்து பக்கம் போதும் சார், மீதியை யாரும் படிக்க மாட்டார்கள் என்றார். நான் இருநூற்றுப் பதினான்கையும் படித்தேன். ஒரு கருவியின் கையேட்டைப் பாதி படிப்பது கடைக்காரன் பேச்சைப் பாதி கேட்பது போல என்பது என் கொள்கை. நாற்பத்தோராம் பக்கத்தில் உள்ளபடி, வண்டியை ஓட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, எஞ்சின் முழுதாகக் குளிரும்வரை காத்திருந்து, மறுபடி ஓடவிட வேண்டும். இப்படி மூன்று தடவை. நான் செய்தேன். எதிர்வீட்டில் கீழ்த்தளம் முழுக்கப் பல் மருத்துவரின் சிகிச்சை அறை என்பதைத் தாங்கள் அறிவீர்கள், ஒருமுறை கடைவாய்ப் பல்லுக்கு அங்கே போயிருக்கிறீர்கள். முதல் தடவை ஓடவிட்டபோது நாற்காலியில் ஓர் அம்மாள் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தாராம். மருத்துவர் இன்னும் கருவியைக் கையிலேயே எடுக்கவில்லை. சத்தம் கேட்டதும் அம்மாள் கழுத்தில் கட்டிய துண்டோடு எழுந்து தெருவுக்கு வந்துவிட்டார். இரண்டாவது தடவை காத்திருந்தவர்களில் இருவர் கிளம்பினார்கள். மூன்றாவது தடவை மருத்துவரே வந்தார். நாற்பத்தோராம் பக்கத்தைக் காட்டினேன். அவர் படிக்கவில்லை. இத்தனை வருடமும் என்னை அண்ணா என்று கூப்பிட்டவர், அன்று சார் என்றார்.

அடுத்தது உயரம். என் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். வெட்டுக்கிளியின் மேல் நான் உட்கார்ந்தால் ஒரு நேரத்தில் ஒரு கால்தான் தரையைத் தொடும், அதுவும் கட்டைவிரல் மட்டும். ஏற வேண்டுமென்றால் ஒரு படி வேண்டும், இறங்க வேண்டுமென்றால் இன்னொரு படி வேண்டும். முதல் நாள் வாசற்படியிலிருந்து ஏறி, தெருமுனை வரை போய், கௌரவமாகத் திரும்பி வந்து, மருத்துவரின் வீட்டுக்கு நேர் எதிரே வண்டியை நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றால் நிறுத்தியேவிட்டேன். வலது காலை ஊன்றப் போனபோது அங்கே தரை இல்லை. சம்பந்தி, மெல்ல மெல்ல, ஒரு மரம் சாய்வது போல, எல்லோரும் பார்க்கப் போதுமான நேரம் எடுத்துக்கொண்டு நானும் வண்டியும் சாய்ந்தோம். வேகம் பூஜ்யம். முழங்கால் சமாசாரம் இதுதான். நின்ற வண்டியிலிருந்து விழுந்தவருக்குத் தங்கள் அலுவலகப் படிவத்தில் தனிக் கட்டம் உண்டா என்று தெரியவில்லை. இருந்தால் முதலில் என் பெயரைப் போடலாம். வண்டிக்குக் கீறல்கூட இல்லை. அதைத் தூக்கி நிறுத்த உதவியவர் பல்வலியோடு காத்திருந்த ஒருவர், ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தூக்கினார்.

அன்றிலிருந்து ஊரில் எந்தெந்தத் தெருவில் எவ்வளவு உயரத்துக்கு நடைபாதை விளிம்பு இருக்கிறது என்பது எனக்கு அத்துப்படி. விளிம்பு உள்ள இடத்தில்தான் நான் நிற்க முடியும். விளிம்பு இல்லாத சிக்னலில் என்ன செய்வது? கையேட்டில் இதற்குப் பதில் இல்லை. நானே ஒரு வழி கண்டுபிடித்தேன், ரவுண்டானாவில் சிவப்பு விளக்கு எரிந்தால் பச்சை வரும்வரை சுற்றிக்கொண்டே இருப்பது. இதில் இன்னொரு சங்கடம். ஒரே வேகத்தில் ஓட்டக் கூடாது, கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டும், பாதிக்கு மேல் முறுக்கக் கூடாது என்று கையேடு மூன்று இடத்தில் தடித்த எழுத்தில் சொல்கிறது. ஆகவே நான் பின்னால் வருகிறவர்கள் வயிறெரியும்படி, விறுவிறுவென்று போவதும் ஆமையாக நகர்வதுமாக, அந்த ரவுண்டானாவை ஏழு சுற்று சுற்றினேன். ஏழாவது சுற்றில் போக்குவரத்துக் காவலர் அம்மா கையை நீட்டினார். இங்கே நிறுத்தினால் விழுந்துவிடுவேன், அந்த ஓரத்துக்கு வாருங்கள் என்று கத்திக்கொண்டே இன்னொரு சுற்றும் போனேன். அவர் ஓரத்துக்கு ஓடி வந்தார். நான் விளிம்பில் காலை வைத்து நிறுத்தியதும் முகத்துக்கு நேரே குனிந்து மோந்து பார்த்தார்.

"குடிச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா. வண்டி ரன்னிங் பீரியட்ல இருக்கு."

அவர் என் நரைத்த தலையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். இது என்னுடையது அல்ல, மாப்பிள்ளையுடையது என்றேன். எல்லாத் தாள்களையும் பார்த்துவிட்டு, போகலாம் என்றவர், ஒன்று சொன்னார் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது. அவருடைய அப்பாவும் ஓய்வு பெற்ற பிறகு இப்படித்தான் ஆகிவிட்டாராம்.

இருநூறு கிலோமீட்டரில் பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். வடித்த ஆயிலில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தது. எதில் வடிகட்டுவது என்று சொல்லவில்லை. வீட்டில் இருந்த மிகச் சன்னமான வலை தேநீர் வடிகட்டியில்தான் இருந்தது. வடிகட்டினேன். வெயிலில் பிடித்துப் பார்த்தால் மினுமினுவென்று ஜிகினா தூவியது போல இருந்தது. எஞ்சினை அரைத்துத் தின்றுவிட்டேன், மாப்பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு பாட்டிலில் ஆயிலை ஊற்றி, அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கடைக்குப் போனேன். மெக்கானிக் பாட்டிலைக் கையில்கூட வாங்கவில்லை. புது எஞ்சினில் பல்லோடு பல் உரசிப் பழகும்போது முதல் ஆயிலில் அப்படித்தான் வரும், கல்யாணமான புதிதில் சண்டை வருவது மாதிரி என்றார். நிம்மதியோடு வீடு திரும்பினால் அங்கே என் மனைவி வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முப்பத்தைந்து வருடம் பழகிய எஞ்சினிலும் துகள் வரும் என்பது எனக்கு அன்று தெரிந்தது.

சக்கரக் கம்பிகள் அறுபத்தெட்டு. ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டி, ஒரே மாதிரி சத்தம் வருகிறதா என்று கேட்டு, தளர்ந்ததை முறுக்க வேண்டும். இதை ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்தேன். பெருவிரல் சமாசாரம் அங்கே நடந்தது, விவரிக்க விரும்பவில்லை. செயின் எவ்வளவு தொங்கலாம், பிரேக் பிடி விரலுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கலாம், டயரில் மண்ணுக்கு எவ்வளவு காற்று, தாருக்கு எவ்வளவு காற்று, எல்லாவற்றையும் அளந்தேன். மண்ணில் ஓட்டுவதற்கு ஆற்றுமணல் குவிக்கும் யார்டு ஒன்றுக்குப் போனேன். அதன் முதலாளியின் எடை மேடையை ஒன்பது வருடத்துக்கு முன் பூட்டி முத்திரை வைத்தவன் நான்தான். அவர் என்னைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றார். மண்ணில் போகும்போது உட்காரக் கூடாது, மிதியில் எழுந்து நின்று முழங்காலை மடக்கி ஓட்ட வேண்டும் என்று கையேடு சொல்கிறது. நான் வண்டியில் நின்றுகொண்டே அவர் மணல்மேட்டைச் சுற்றிச் சுற்றி வர, அவர் தரையில் நின்றுகொண்டே என்னைப் பார்த்தார். அரைமணி நேரம் இரண்டு பேருமே உட்காரவில்லை.

இதெல்லாம் உடம்புக்கு வந்த கஷ்டம். உடம்பு தேறிவிடும். இனிமேல் எழுதப்போவதுதான் விஷயம்.

நூற்று முப்பதாம் பக்கத்தில், ஓட்டுகிறவரின் எடைக்கு ஏற்றபடி பின்பக்க ஸ்பிரிங்கைப் பொருத்துவது எப்படி என்று இருந்தது. ஆள் ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று அளக்க வேண்டும். நூறு அமுங்கினால் அந்த ஸ்பிரிங் அந்த ஆளுக்குப் பொருத்தம். அதிகம் அமுங்கினால் ஆளுக்கு ஸ்பிரிங் போதாது, குறைவாக அமுங்கினால் ஸ்பிரிங்குக்கு ஆள் போதாது. இதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சம்பந்தி, இது வண்டியே அல்ல. இருக்கை வைத்த சுருள்வில் தராசு! முப்பத்தொரு வருடம் நான் கட்டி மேய்த்த ஜாதி. அதுவரை அந்நியமாக நின்ற வெட்டுக்கிளி அன்றுதான் எனக்குப் புரிகிற பாஷையில் பேசியது.

இதைத் தனியாக அளக்க முடியாது. ஒருவர் உட்கார வேண்டும், ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் அளக்க வேண்டும். முதலில் நான் உட்கார்ந்தேன், தெருவில் போன தபால்காரர் பிடித்தார், என் மனைவி அளந்தாள். என் எடை எழுபத்து நான்கு, அமுங்கியது நூற்று இருபத்து நான்கு. பிறகு என் மனைவியை உட்காரச் சொன்னேன். அவள் சம்மதித்தது என் நல்ல காலம். ஆனால் முறைப்படி அளவை உரக்கச் சொல்லித்தானே பழக்கம்? குனிந்து பார்த்து, தெருவெங்கும் கேட்கும்படி, "நூற்றுப் பதினைந்து" என்றேன். எதிர்வீட்டில் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மில்லிமீட்டர் என்று சேர்த்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவள் இறங்கி உள்ளே போனவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் எடை அறுபத்தாறுதான் என்பதை இங்கே எழுத்துமூலம் பதிவு செய்கிறேன். இதைத் தாங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இரண்டு புள்ளி கிடைத்துவிட்டது. மணல் மூட்டைகளை எடை போட்டுக் கட்டி ஏற்றி இன்னும் ஐந்து புள்ளி எடுத்தேன். கோட்டுத்தாளில் எடையையும் அமுங்கிய அளவையும் குறித்துக் கோடு இழுத்தேன். மாப்பிள்ளையைப் போனில் அழைத்து இப்போதைய எடை கேட்டேன். எண்பத்திரண்டு என்றார். எண்பத்திரண்டுக்கு நூற்று முப்பத்து நான்கு அமுங்கும். ஸ்பிரிங்கின் மேல் உள்ள வளையத்தைத் திருகினால் அஞ்சோ பத்தோ சரிக்கட்டலாம், முப்பத்து நான்கை எந்த வளையமும் சரிக்கட்டாது. ஸ்பிரிங் தப்பு என்றேன். அவசர அவசரமாக, அதெல்லாம் சரியாகத்தான் இருக்கும், அதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள் மாமா என்றார். தப்பான எடையை அப்படியே விட்டுவிடும்படி என்னிடம் கேட்ட கடைசி ஆள் ஒரு பழைய இரும்புக் கடைக்காரர். அவர் கடையை நான் என்ன செய்தேன் என்பது ஊருக்கே தெரியும். உடனே மெக்கானிக்கை அழைத்து, எண்பத்திரண்டு கிலோ ஆளுக்கு இவ்வளவு மெல்லிய ஸ்பிரிங்கை எப்படிப் போடலாம் என்று சத்தம் போட்டேன்.

"கம்பெனி ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு மாத்திப் போட்டிருக்கோம் சார். ஓட்டுறவங்க எடை அம்பத்தி நாலுன்னு எழுதிக் குடுத்தாங்க."

கோட்டுத்தாளைப் பார்த்தேன். நூறு மில்லிமீட்டருக்கு நேரே கோடு எங்கே போகிறது என்று கீழே விரலை இறக்கினேன். ஐம்பத்து நான்கு.

என் வீட்டுக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் கூடத்து மூலையில் உள்ள மேடைத் தராசில் ஒரு தடவை ஏற்றி இறக்குவது என் வழக்கம். தாங்களும் ஏறியிருக்கிறீர்கள். தங்கள் எடையை வெளியில் சொல்ல மாட்டேன். நம் இரு குடும்பத்திலும் ஐம்பத்து நான்கு கிலோ உள்ள ஆள் ஒருவர்தான். அவர் பிறந்த அன்று, மருத்துவமனைத் தராசு சரிதானா என்று சோதித்துப் பார்த்த பிறகே எடையை எழுத விட்டேன் நான். அவர் தங்கள் மருமகள். என் மகள்.

போன ஞாயிறு காலை அவள் வந்தாள். எப்போதும் போலத்தான் வந்தாள். நான் வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் அளவுகோலோடு உட்கார்ந்திருந்தேன். என்னையும் பார்த்தாள், அளவுகோலையும் பார்த்தாள். கைப்பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து, ஒரு படியும் தேடாமல் காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தாள். அவள் தாய் வழி உயரம். இரண்டு காலும் தரையில் பதிந்தன. அவள் அம்மா பிடித்துக்கொள்ள, காலை மிதியில் தூக்கி வைத்தாள். நான் குனிந்து அளந்தேன். நூறு. ஒரு மில்லிமீட்டர் கூடவுமில்லை, குறையவுமில்லை. எத்தனையோ கடையில் எத்தனையோ தராசு பார்த்திருக்கிறேன், இவ்வளவு சரியான அளவை நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. எதற்கு வந்தது என்று தெரியவில்லை.

"ஏம்மா இது?"

"காரணம்னு ஒண்ணும் இல்லப்பா. ஓட்டணும்போல இருந்துச்சு."

சம்பந்தி, அவள் ஏதாவது ஒரு காரணம் சொல்வாள் என்று நினைத்து அதை மறுக்கப் பதினொரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். வேலைக்குப் போக என்றால் பஸ் இருக்கிறது. நேரம் மிச்சம் என்றால் சீக்கிரம் கிளம்பு. தோழிகள் கூப்பிடுகிறார்கள் என்றால் தோழிகளை மாற்று. ஓட்ட வேண்டும்போல இருந்தது என்பது அந்தப் பதினொன்றில் எதிலும் அடங்கவில்லை. கடைசியில் தங்களைத்தான் இழுத்தேன். உன் மாமனாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா என்றேன்.

"முதல்ல அதைத்தான்பா யோசிச்சேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு தலையைச் சாய்த்து, வண்டி எப்படி இருக்கிறதப்பா என்று கேட்டாள். நான் கோபித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, காலையில் குளிரில் முன் பிரேக் கொஞ்சம் கடுமையாகப் பிடிக்கிறது, இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்குப் போகும்போது அவசரப்படக் கூடாது, சரளையில் முன்சக்கரம் ஆடினால் பயந்து பிரேக் போடாதே, ஆடவிட்டால் அதுவே நேராகிவிடும் என்று நாற்பது நிமிடம் பேசினேன். கோபித்துக்கொள்வதற்காக ஒதுக்கி வைத்திருந்த நேரம் முழுவதும் இதிலேயே போய்விட்டது.

அவள் போன பிறகுதான் பயம் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் கயிறு ஏறும் போட்டியில் அவள் உச்சிக்குப் போனபோது, கீழே கண்ணை மூடிக்கொண்டு நின்ற அப்பன் நான். மறுநாள் வண்டியை எடுத்தால் பழைய பாதையே வேறாக இருந்தது. இந்தக் குழியில் அவள் விழுந்தால், இந்தத் திருப்பத்தில் லாரி வந்தால், இந்த மணலில் சக்கரம் வழுக்கினால் என்று தாங்கள் இருபத்தொன்பது வருடம் படித்த கோப்புகளையெல்லாம் நான் ஒரே காலையில் படித்துவிட்டேன். பாதியில் திரும்பி வந்து, தட்டிய அறுபத்தெட்டுக் கம்பியையும் மறுபடி தட்டினேன். ஒன்று தளர்ந்திருந்தது. ஒரே ஒன்று. அதை முறுக்கிவிட்டு, அறுபத்தெட்டையும் முதலிலிருந்து இன்னொரு தடவை தட்டினேன்.

ஆகவே இந்தக் கடிதத்தின் நோக்கம் இதுதான். தாங்கள் உடனடியாகத் தங்கள் மருமகளைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும். இந்த வண்டி கூடவே கூடாது என்று, சம்பந்தம் பேசிய அன்று சொன்ன அதே குரலில் சொல்ல வேண்டும். நான் சொல்லலாமே என்பீர்கள். ஊரில் ஒரு கடைக்காரரையும் விடாமல் முடியாது என்று சொன்ன வாய்தான் இது. அவள் முன்னால் மட்டும் அந்த வார்த்தை பல்லுக்குள் சிக்கிக்கொள்கிறது. தாங்கள் கண்டிப்பானவர், விபத்துகளை அறிந்தவர், முக்கியமாக அவள் பயப்படுகிற ஒரே ஆள். தங்கள் மகன் தங்களிடம் மறைத்ததற்கும், பதினேழு நாள் நானும் அதற்கு உடந்தையாக இருந்ததற்கும் சேர்த்து என்னை மன்னிக்க வேண்டுகிறேன். நானூற்று அறுபத்திரண்டு கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட மாட்டேன். வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

தங்கள் இல்லத்தில் என்னைவிட மூத்தவர்களுக்கு என் வணக்கம். இளையவர்களுக்கு என் ஆசி. என் வயதுக்காரரான தங்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபம். மாப்பிள்ளைக்கு இந்த முறை எதுவும் இல்லை.

இப்படிக்கு,
வாசலில் வெட்டுக்கிளியும் வயிற்றில் புளியுமாக,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் என் மனைவி வாங்கிப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் அவள் தோள் குலுங்கியது. பெண்ணை நினைத்து அழுகிறாள் என்று தண்ணீர் கொண்டுவந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதை அவருக்கா அனுப்பப் போறீங்க? வண்டியை வாங்கிக் குடுத்ததே அவர்தாங்க."

என் மகள் நான்கு மாதத்துக்கு முன்பே முதலில் தங்களிடம்தான் கேட்டாளாம். தாங்கள் ஒரு வாரம் யோசித்துவிட்டு, தாங்கள் படித்த கோப்புகளில் பாதி ஓட்டத் தெரியாமல் ஓட்டியவர்கள், மீதி வண்டியைச் சரியாகப் பார்க்காதவர்கள் என்று சொல்லி, அவளை மூன்று மாதம் பயிற்சிக்கு அனுப்பினீர்களாம். எனக்குக் கணினி வகுப்பு என்று சொல்லப்பட்டது அதுதானாம். தலைக்கவசமும் காலணியும் தாங்களே கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கினீர்களாம். வண்டியை மட்டும், கையேடு முழுவதையும் படித்து, படித்ததைப் படித்தபடியே செய்கிற ஆள்தான் பழக்க வேண்டும், அப்படி ஒருவர்தான் இருக்கிறார், ஆனால் யாருக்கென்று சொன்னால் அவர் விட மாட்டார், ஆகவே சொல்லாமல் செய்யச் சொல்லுங்கள் என்றீர்களாம். அப்பாவிடம் பேச வேண்டாம் என்று மாப்பிள்ளை சொன்னது, பேசினால் தங்களுக்குப் பொய் சொல்ல வராது என்பதாலாம். மறைத்தது தங்களிடம் அல்ல, என்னிடம் மட்டும். என் மனைவிக்கும் முன்பே தெரியுமாம்.

ஆகவே மேலே எழுதிய அனைத்தையும் இல்லாததாகக் கொள்ளவும். எனக்குக் கடுங்கோபம் வர வேண்டும். வரும் என்று காத்திருக்கிறேன். கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை, கையோடு கொண்டுவருகிறேன். தங்கள் வீடு இங்கிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஐந்நூறுக்குப் பாக்கியும் அவ்வளவுதான். நேரில் வந்து கோபித்துக்கொள்கிறேன்.